தூரத்து மூத்தவர்களுக்கு அன்பைக் காட்டுவது எப்படி? – புத்தளக் கரையிலிருந்து ஒரு நோக்கு

‘இனபந்துக்களைச் சேர்ந்து நடத்தல்’ பற்றி நமது பள்ளிவாசல்களில் பேசாத காலம் இல்லை. தாய் தந்தையரைப் பற்றிப் பேசுவார்கள். மாமா, மாமி, சாச்சா, சாச்சியைப் பற்றிப் பேசுவார்கள். தொலைவில் வாழும் பாட்டன் பாட்டியைப் பற்றித் தனியாக ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. இதைக் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை அந்தத் தேவையே எங்களுக்கு வரவில்லை. பாட்டி என்றால் அதே வளவில் இருப்பவர். மிஞ்சிப்போனால் அடுத்த ஒழுங்கையில் இருப்பவர்.

இன்று கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, பாலாவி, தில்லையடிப் பக்கங்களில் நிலைமை வேறு. பிள்ளைகள் இங்கே, உம்மும்மாவும் அப்பாவும் மன்னாரிலோ முசலியிலோ யாழ்ப்பாணத்திலோ. இந்தக் கரையில் பல வருடம் படிப்பித்த எனக்கு மாணவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்று உண்டு: “டீச்சர், உம்மும்மாவோட போன்ல என்னத்தக் கதைக்கிறது?” இப்படிக் கேட்கும் பிள்ளைக்கு அன்பு இல்லை என்று எப்படிச் சொல்வது? அன்பு இருக்கிறது. அதைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் வழிதான் தெரியவில்லை. அந்த வழியைப் பற்றியதே இக்கட்டுரை.

முறைப்பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். உம்மும்மா, வாப்பும்மா, மூத்தம்மா, பெத்தும்மா, அப்பா, மூத்தவாப்பா என்று எந்தப் பெயரால் அழைத்தாலும் நான் சொல்வது அவர்களைத்தான்.

தூரம் வந்த கதை

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவு மக்களில் பெருந்தொகையானோர் வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். எல்லாமாக 70,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டம்.

அதன் பிறகு கிடுகுக் கொட்டில் வாழ்க்கை. பலருக்கு வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலி. ‘கொஞ்ச நாளைக்கு’ என்று தொடங்கியது பத்து வருடமாகி, இருபதை நெருங்கியது. 2007 இல் உலக வங்கியின் உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியபின் பல குடும்பங்கள் கல்வீடு கண்டன. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. வடக்குக்குப் போகும் பாதை திறந்தது.

அந்த நேரத்தில் பல குடும்பங்கள் சண்டை சச்சரவில்லாமலே இரண்டாகப் பிரிந்தன. மூத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே நின்றார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. பிள்ளைகளின் பாடசாலை இங்கே, தொழில் இங்கே, மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த காணியும் வீடும் இங்கே. அங்கே இருந்ததோ காடு மூடிய காணியும் கூரையில்லாத சுவரும் உறுதி தொலைந்த சிக்கலும். ஆனாலும் மூத்தவருக்கு அது தன் தாய் தகப்பன் அடங்கிய மண். “நான் போய் வளவ வெட்டித் துப்புரவாக்கி வைக்கிறன், நீங்க பொறகு வாங்க” என்று சொல்லிப் போனவர்கள் பலர். அந்தப் ‘பிறகு’ பல வீடுகளில் இன்னும் வரவில்லை.

வில்பத்து வழியாகப் போகும் பழைய மன்னார் வீதி குறுகிய வழி. ஆனால் அது நீதிமன்றம் வரை போன விவகாரம். அனுராதபுரம், மதவாச்சி சுற்றிப் போனால் தூரம் ஏறத்தாழ இரு மடங்கு. கிலோமீற்றர் ஒரு பக்கம் இருக்கட்டும். நாலைந்து பேருக்கு பஸ் காசு, வாப்பாவின் ஒரு நாள் சம்பளம், பிள்ளையின் டியூஷன் வகுப்பு என்று கூட்டிப் பார்த்தால், வருடத்தில் ஒரு பெருநாளைக்குப் போவதே பெரிய காரியமாகிவிடுகிறது. வெளிநாட்டுத் தூரம் இல்லை; ஆனாலும் தூரம்தான்.

காலாலும் கையாலும் காட்டிய அன்பு

தூரத்தில் ஏன் நமக்குப் பேச்சு வருவதில்லை? நமது குடும்ப அமைப்பைக் கொஞ்சம் பார்த்தால் காரணம் விளங்கும்.

இலங்கை முஸ்லிம்களில் பல ஊர்களில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். வீடு பெண்ணுக்குரியது. ஆகவே பேரப்பிள்ளை பிறப்பதும் வளர்வதும் உம்மாவின் உம்மா மடியில். வாப்பாவின் வீடு அதே ஊரில் நாலு ஒழுங்கை தள்ளி. ஒரு பிள்ளைக்கு நாலு மூத்தவர்களும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள்.

அந்த வாழ்க்கையில் அன்பை யாரும் வாயால் சொல்லவில்லை. வீட்டில் வட்டிலப்பம் அவித்தால் ஒரு கோப்பையை மூடி, “இத வாப்பும்மாட்ட குடுத்திட்டு வா” என்பார்கள். கோப்பையைக் கொண்டு ஓடிய கால்தான் அன்பு. அப்பாவுக்கு வுழூச் செய்யத் தண்ணீர் அள்ளி ஊற்றிய கைதான் அன்பு. பெருநாள் காலையில் கை கொடுத்து ஸலாம் சொல்லிப் பெருநாள் காசு வாங்கியதும் அன்புதான். உம்மும்மாவின் தலையில் பேன் பார்ப்பதும், ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதும், பள்ளிக்கு அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போவதும் அப்படித்தான். “உங்கள எனக்கு விருப்பம்” என்று ஒரு பிள்ளை பாட்டியிடம் சொன்னால் சுற்றி இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். சொல்லத் தேவையே இருக்கவில்லை.

தொலைபேசி காலையும் கையையும் எடுத்துவிட்டு நாக்கை மட்டும் விட்டு வைக்கிறது. நாம் பழக்காத உறுப்பு அது. அதனால்தான் “அஸ்ஸலாமு அலைக்கும், சொகமா இருக்கிறீங்களா, சாப்பிட்டீங்களா, இந்தா உம்மாட்டக் குடுக்கிறன்” என்று அரை நிமிடத்தில் பிள்ளை ஓடுகிறது. அந்தப் பக்கம் மூத்தவர் போனைக் காதில் வைத்தபடியே இருக்கிறார். பிள்ளையின் மேல் குற்றம் சொல்வதில் பயனில்லை. கோப்பையை மூடிக் கையில் கொடுத்து அனுப்பியதும் பெரியவர்கள்தானே? அதுபோலச் சொல்லையும் பெரியவர்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மார்க்கம் வைத்த இடம்

சூரா பனீ இஸ்ராயீலின் 23, 24 ஆம் வசனங்கள் பெற்றோரின் முதுமையைப் பற்றிப் பேசுவதை நாம் அறிவோம். ஒன்றைக் கவனித்திருக்கிறோமா? அங்கே சொல்லப்படுவதில் பெரும் பகுதி பேச்சைப் பற்றியது. சலிப்பைக் காட்டும் சிறு சொல்லும் கூடாது, அதட்டக் கூடாது, கண்ணியமாகப் பேச வேண்டும், அவர்களுக்காகத் துஆக் கேட்க வேண்டும். பணிவு என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நாவின் வேலை. தூரத்தில் இருப்பவருக்கும் இவ்வளவையும் குறைவின்றிச் செய்யலாம்.

பாட்டன் பாட்டி இதில் அடங்குவார்களா என்று கேட்பவர் உண்டு. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், தாய் தந்தையும் அவர்களுக்கு மேலே பாட்டன் பாட்டியும் ‘உஸூல்’ என்ற ஒரே வகுப்பு. அவர்கள் வசதியற்றவர்களாகவும் சந்ததியினர் வசதியுள்ளவர்களாகவும் இருந்தால் செலவு கொடுப்பது சந்ததியின் மேல் கடமையாகிறது. அதில் பேரப்பிள்ளையும் சேரும். இலங்கைச் சட்டமும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் பெற்றோரைப் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகள் மேல் வைத்திருக்கிறது.

பாட்டியின் உரிமை எப்படி நிலைபெற்றது என்ற வரலாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. அபூபக்கர் (ரழி) அவர்கள் கலீபாவாக இருந்த காலத்தில் ஒரு பாட்டி வந்து, இறந்துபோன பேரப்பிள்ளையின் சொத்தில் தனக்குரிய பங்கைக் கேட்டார். குர்ஆனில் அதற்குப் பங்கு குறிப்பிடப்பட்டிருப்பதாகத் தமக்குத் தெரியவில்லை என்ற கலீபா, மக்களிடம் விசாரித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் பாட்டிக்கு ஆறில் ஒன்று கொடுத்ததை முகீரா இப்னு ஷுஃபா (ரழி) சொன்னார்கள். முஹம்மத் இப்னு மஸ்லமா (ரழி) அதற்குச் சாட்சி சொன்னார்கள். பங்கு கொடுக்கப்பட்டது. ஒரு கிழவி தானாக வந்து கேட்டதால் ஒரு சட்டம் துலங்கியது. நமது மூத்தவர்களோ கேட்கவே மாட்டார்கள். “எனக்கென்ன மகன், நீங்க நல்லா இருந்தாக் காணும்” என்பதுதான் அவர்கள் பேச்சு. கேட்காதவரின் பங்கை நாம்தான் தேடிப் போய்க் கொடுக்க வேண்டும்.

அன்பைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்கும் வழிகாட்டல் இருக்கிறது. ஒருவர் தம் சகோதரரை நேசித்தால் அதை அவருக்குத் தெரிவிக்கட்டும் என்ற கருத்தில் வரும் நபிமொழி அபூதாவூதில் உள்ளது. பேரர் ஹஸனை (ரழி) நபியவர்கள் முத்தமிட்டபோது, தனக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஃ இப்னு ஹாபிஸுக்குக் கிடைத்த பதிலும் நமக்குத் தெரியும்: இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது. அந்த நபியே எட்டு வயது வரை பாட்டனார் அப்துல் முத்தலிபின் அரவணைப்பில் வளர்ந்தவர்தான். அன்பு மனதுக்குள் இருந்தால் காணும் என்று சொல்வதற்கு இங்கே ஆதாரம் கிடைக்காது.

கடிதம் கற்றுத்தந்த ஒழுங்கு

சொல்லால் அன்பைக் கொண்டுபோவது நம் சமூகத்துக்கு முற்றிலும் புதிதல்ல. வியாபாரத்துக்காகத் தெற்கே போன யாழ்ப்பாண முஸ்லிம்களும், கடல் கடந்து போனவர்களும் கடிதம் எழுதினார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் போகாத, ஓதற பள்ளியில் மட்டும் படித்த பெண்களுக்கு அறபுத்தமிழ் கைகொடுத்தது. அறபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புது எழுத்து அமைத்த முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் மார்க்க நூல்களை அதில் எழுதினார்கள். சாதாரண வீடுகளில் அது கடிதத்துக்கும் கணக்குக்கும் பயன்பட்டது. தமிழ் வாசிக்கத் தெரியாதவர் என்று நாம் நினைக்கும் பாட்டி பலரும் இந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள்.

பழைய கடிதங்களில் ஓர் ஒழுங்கு இருக்கும். முதலில் ஸலாம். பிறகு எழுதுபவரின் சுகம், கேட்பவரின் சுகத்துக்குத் துஆ. பிறகு ஒரு செய்தி. பிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிப்பது. அடுத்த வீட்டுக்காரர், ஆடு மாடு வரைக்கும். கடைசியில் தனக்காகத் துஆச் செய்யும்படி கேட்பது. இதைச் சடங்கு என்று இளையவர்கள் சிரிக்கலாம். பேச்சு வராதவனுக்கு இந்த ஒழுங்கு ஒரு கைத்தடி.

“என்னத்தக் கதைக்கிறது?” என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கடிதத்தையே சொல்லிக் கொடுக்கிறேன். போன் எடுக்குமுன் நாலு சாமான் கையில் இருக்கட்டும்: ஒரு செய்தி, ஒரு கேள்வி, ஒருவரின் பெயர், ஒரு துஆ. செய்தி சிறிதாக இருந்தால் போதும். “இண்டைக்கு மழ பெய்து வகுப்புக்குள்ள தண்ணி வந்திட்டு” என்பது பாட்டிக்குப் பெரிய செய்தி. கேள்வி என்றால் ‘ஆம், இல்லை’ என்று முடியாத கேள்வி. பெயர் என்றால் அவரைச் சுற்றியுள்ள ஒருவரின் பெயர், “பக்கத்து வீட்டு மாமிக்கு இப்ப சொகமா?” துஆ என்றால் கொடுப்பதும் கேட்பதும்: “சோதின வருது உம்மும்மா, துஆச் செய்ங்க.”

காதும் நினைவும்

“சத்தம் கேக்குது மகன், சொல்றதுதான் வெளங்குதில்ல.” மூத்தவர்களோடு போனில் பேசிய எல்லோரும் கேட்ட வசனம் இது. இதற்கு உடல் சார்ந்த காரணம் உண்டு. வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதி ஒலிகளை. உயிரெழுத்தின் ஓசை தாழ்ந்த சுருதியில் இருப்பதால் கேட்கும். சொல்லைப் பிரித்துக் காட்டும் ச, த போன்ற ஒலிகளின் கூர்மை தேய்ந்துவிடும். அதனால் பேச்சு, பொருள் பிரியாத இரைச்சலாக வருகிறது. சிறு பிள்ளைகளின் குரலோ இயல்பாகவே உயர்ந்த சுருதி. பேரப்பிள்ளையின் பேச்சுத்தான் பாட்டிக்கு ஆகக் கடினம் என்பது இதனால்தான். விருப்பமில்லாமல் அவர் போனைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

இதற்கு மருந்து கத்துவது அல்ல. கத்தும்போது குரல் இன்னும் உயர்கிறது, சொல் இன்னும் சிதைகிறது. குரலைச் சற்றுத் தாழ்த்தி, மெதுவாக, சிறு வசனமாகப் பேச வேண்டும். விளங்கவில்லை என்றால் அதே வசனத்தைத் திருப்பிச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்ல வேண்டும். டிவியை நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒருவர் பேச வேண்டும். வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசினால் வெளிச்சம் முகத்தில் விழும்படி இருக்க வேண்டும்; காது விட்டதை உதட்டசைவு பிடித்துக் கொடுக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் அந்தப் பக்கம் தெரிவது கறுப்பு நிழல் மட்டும்.

குரலைப் பதிந்து அனுப்புவதும் நல்லது. பேச்சு ஓடிவிடும், பதிவு நிற்கும். விளங்காத இடத்தை மூத்தவர் திரும்பக் கேட்கலாம், வந்தவர் போனவருக்கும் போட்டுக் காட்டலாம். ஸ்மார்ட் போன் இல்லாதவர் என்றால் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளையைப் பிடித்து வைப்பது பெரியவர்களின் வேலை. அந்தப் பிள்ளைக்கு எப்போதாவது ஒரு ரீலோட் போட்டுவிட்டால் அதுவும் ஸதகாதான்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூத்தவரின் நாள் வக்துகளால் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு என்று நேரத்தைக் குறித்துவிட்டால் வியாழக்கிழமையே அவருக்கு அது தொடங்கிவிடும். நினைத்த நேரம் அரை மணித்தியாலம் பேசுவதை விட, குறித்த நேரம் பத்து நிமிடம் பேசுவது பெரிது. காத்திருக்க ஒன்று இருப்பதே ஒரு பலம். முதியோரின் தனிமையை உலகம் இன்று நோயாகவே பார்க்கத் தொடங்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 நவம்பரில் சமூகத் தொடர்புக்கென்று ஓர் ஆணைக்குழுவையே அமைத்தது.

நினைவு பற்றி ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விசயம் உதவும். மனிதர்கள் முதுமையில் தெளிவாக மீட்டெடுப்பது, ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவற்றை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் தடுமாறுபவர், தன் கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார். ஆகவே கேள்வியை அங்கே போடுங்கள். “உங்கட காலத்துல நோம்புக் கஞ்சி யார் காச்சினது?” “அப்பா, நீங்க மொதல்ல பாத்த வேல என்ன?” “எங்கட உம்மா சின்னனில செஞ்ச குழப்படி ஒண்டு சொல்லுங்க.” கடைசிக் கேள்விக்குத் தோல்வியே இல்லை.

1990 ஐப் பற்றிக் கேட்கும்போது மட்டும் கவனம் வேண்டும். சிலர் அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஆறுகிறார்கள். சிலர் வாய் திறக்கவே விரும்புவதில்லை. சாட்சி வாங்கப் போவதுபோல் பேரப்பிள்ளை போகக் கூடாது. வெளியேற்றத்துக்கு முந்திய ஊரைக் கேட்டால், அவர் விரும்பினால் அங்கிருந்து தானாகவே அந்த நாளுக்கு வருவார்.

“எப்ப ஊருக்கு வாறீங்க?”

இந்தக் கேள்விதான் பல பிள்ளைகளைப் போனிலிருந்து விரட்டுகிறது. பாட்டி அன்பாகக் கேட்கிறார். பிள்ளைக்கு அது பரீட்சை வினாவாகத் தெரிகிறது. ஏனென்றால் புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு ஊர் என்றால் இதுதான். களப்பும் உப்பளமும் தென்னந்தோட்டமும் கூட்டாளிமாரும் இங்கே. “அது உங்கட ஊர், எங்கட ஊர் இல்ல” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அந்த வடு மூத்தவர் மனதில் ஆறுவது கஷ்டம்.

இந்த முரணை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நோர்வேயைச் சேர்ந்த கத்ரின் ப்ரூன் புத்தளத்து அகதி வாழ்வை ஆராய்ந்து 2008 இல் நூலாக்கினார். ஷரிகா திராணகம 2011 இல் வெளியிட்ட நூலில், முகாம்களில் வளர்ந்த இளையவர்களும் மூத்தவர்களும் ‘ஊர்’ என்ற ஒரே சொல்லால் வேறு வேறு இடங்களைச் சுட்டுவதை விரிவாகக் காட்டினார். வடக்கு முஸ்லிம்களில் ஒருவரான பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் 2018 இல் மறையும் வரை இம்மக்களின் இழப்பையும் மீள்திரும்பலையும் ஆவணப்படுத்துவதில் உழைத்தார். ஆய்வுகள் சொல்வதை வீட்டு மொழியில் சொன்னால்: இருவர் சொல்வதும் உண்மை. ஒருவர் ஊர் மற்றவர் ஊரைப் பொய்யாக்காது.

பிள்ளை என்ன பதில் சொல்வது? பொய் வாக்குக் கொடுக்கக் கூடாது. “அடுத்த மாசம் வாறம்” என்று ஆறு தடவை சொல்லி ஏமாற்றுவது, வரமாட்டோம் என்பதை விடக் கொடியது. “ஸ்கூல் லீவுல மூணு நாளைக்கு வாறம் உம்மும்மா, அந்தக் கெணத்த எனக்குக் காட்டுங்க” என்று சொல்லலாம், சொன்னால் போகலாம். குடியேற வேண்டும் என்று அன்பு நிபந்தனை போடுவதில்லை. அவர் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஒழுங்கையின் பெயர், பள்ளியின் பெயர், வளவில் நின்ற மரம், மையவாடியில் யார் எங்கே அடங்கியிருக்கிறார் என்பது. இவற்றைத் தெரிந்த பேரப்பிள்ளை புத்தளத்தில் இருந்தாலும் ஊரை விட்டவன் ஆகமாட்டான்.

வெறும் பாத்திரம் திரும்பக் கூடாது

பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புவதில்லை என்பது நம் வீட்டு வழக்கம். கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் அனுப்புவோம். தூரத்து உறவுக்கும் இதே சட்டம்தான்.

கற்பிட்டிக் கருவாடும் தோட்டத்து வெங்காயமும் இங்கிருந்து போகின்றன. ஒடியலும் பனங்கட்டியும் அங்கிருந்து வருகின்றன. ஆள் கையில் கொடுத்தனுப்பும் இந்தப் பொதிக்குள் பிள்ளையின் கையால் எழுதிய நாலு வரியும் போகட்டும். தெரிந்த ஒருவர் அதை வாசித்துக் காட்டும்போது அது அந்த வீட்டில் ஒரு சபையாகிவிடும். மாதா மாதம் காசு அனுப்புவது கடமை. அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் காசு உம்மா வாப்பாவிடமிருந்து போகிறது. பேரப்பிள்ளையிடமிருந்து போக வேண்டியது வேறு.

இன்னொன்று: மூத்தவரிடமிருந்து வாங்கவும் வேண்டும். எப்போதும் பெறுபவராகவே இருப்பது மனிதரைச் சிறுமைப்படுத்தும். ஒரு கறியின் கைப்பக்குவத்தைக் கேளுங்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்க யோசனை கேளுங்கள். காய்ச்சலுக்கு என்ன கசாயம் என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த ஒரு துஆவை ஓதிக் காட்டச் சொல்லி, நீங்கள் பாடமாக்கி அடுத்த வெள்ளிக்கிழமை ஒப்புவியுங்கள். “எனக்கு இன்னும் வேல இருக்கு” என்று அவர் நினைக்கும்படி செய்வதை விட மேலான அன்பு எனக்குத் தெரியவில்லை.

பிந்தினால்

1990 இல் நாற்பது வயதாக இருந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தொட்டிருக்கிறார். பழைய ஊரை வளர்ந்த மனிதராக வாழ்ந்து பார்த்த கடைசித் தலைமுறை இது.

நமது ஜனாஸா வழக்கமும் இங்கே நினைக்கத்தக்கது. மையித்தைத் தாமதிக்காமல் அடக்குவதே சுன்னத். காலையில் மௌத்தானவர் அஸருக்கு முன் அடங்கிவிடுவார். புத்தளத்தில் செய்தி கிடைத்து, வாகனம் பிடித்து, அனுராதபுரம் சுற்றிப் போய்ச் சேருமுன் கபுறு மூடப்பட்டுவிடும். முகம் பார்க்கக் கிடைக்காமல் மையவாடியில் நின்று துஆச் செய்து திரும்பிய பேரப்பிள்ளைகள் இந்தக் கரையில் பலர். மார்க்கம் காத்திருக்கச் சொல்லவில்லை. காத்திருக்கச் சொல்லவும் கூடாது. அப்படியென்றால் முகம் பார்ப்பதை உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும் என்பதுதான் இதன் பொருள். 2020 இல் ஊரடங்கு போட்டபோது நூறு கிலோமீற்றரும் கடல் கடந்த தூரமாயிற்று. அப்போதும் ஓடியது குரல் மட்டும்தான்.

மௌத்துக்குப் பிறகும் துஆவும் ஸதகாவும் போய்ச் சேரும், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் “உம்மும்மா, நீங்க சொன்ன மாதிரியே ஆக்கினன், நல்லா வந்திச்சு” என்ற சொல் உயிருள்ள காதுக்கு மட்டுமே போகும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு போனைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். எடுத்தவுடன் “சாப்பிட்டீங்களா?” வேண்டாம். “உம்மும்மா, உங்களுக்குச் சின்னனில என்ன விளையாட்டு விருப்பம்?” என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் பிள்ளை பேசாமல் இருக்கட்டும். மீதியை உம்மும்மா பார்த்துக்கொள்வார்.